நாற்பத்தொரு போன்களும் ஒரு மலையும்

1. திரையில் எல்லாம் பச்சை

புரோகிராமர் வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் எந்த லாங்குவேஜ் படிக்கலாம், எந்த லெப்டொப் வாங்கலாம் என்று கேட்பார்கள். அதற்கான பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். மாறாத ஒன்றிரண்டு விஷயங்களை நான் கற்றுக்கொண்டது கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

இரத்தினபுரியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாங்கள் நாலு பேர். ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு மழை எச்சரிக்கை சொல்லும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்றார்கள். அங்கே செங்குத்தான மலைக்கு அடியில் இரண்டு லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். மலையில் ஒரு மழைமானிப் பெட்டி வைப்பார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் லயத்தில் இருப்பவர்களின் போனுக்கு மெசேஜ் போக வேண்டும். அவர்கள் உடனே புறப்பட்டு, மலையை விட்டுத் தள்ளியிருக்கும் தோட்டப் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

நானும் அப்படி ஒரு லயக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். தெரிந்த இடம், தெரிந்த ஆட்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று கிழமையில் எழுதி, எங்கள் நாலு பேரின் போன்களிலும் அனுப்பிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒப்படைத்தும் விட்டேன்.

முதல் பெரிய மழை ஒரு பிற்பகலில் வந்தது. என் திரையில் மழையின் அளவு ஏறி ஏறிக் கோட்டைத் தாண்டியது. மெசேஜ்கள் தாமாகவே புறப்பட்டன. மொத்தம் நாற்பத்தொரு நம்பர். அத்தனைக்கும் பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘டெலிவர்ட்’ என்று விழுந்தது. எனக்குச் சந்தோஷம். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். பிறகு சும்மா கேட்டு வைப்போமே என்று அந்த டிவிஷனின் பீல்ட் ஒபிசர் பண்டார மாத்தயாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“மாத்தயா, ஆளுங்க எல்லாம் ஸ்கூலுக்கு வந்துட்டாங்களா?”

“ஏன் மிஸ், ஸ்கூல்ல என்ன?”

“மெசேஜ் வந்திருக்குமே.”

“அனே மிஸ், எந்த மெசேஜ்? எல்லாரும் வேலை விட்டு வந்து லயத்துலதான் இருக்காங்க. இந்த மழைக்கு யார் வெளிய போறது?”

விஷயத்தைச் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்தி மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார். கொட்டுகிற மழையில் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி, சிங்களத்திலும் தமிழிலும் கத்தி, எல்லோரையும் கிளப்பினார். கடைசி ஆள் பாடசாலைக்கு வந்து அரை மணி நேரத்தில் மண் இறங்கியது. பெரிய சரிவு இல்லை. மேல் லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவில் குசினிச் சுவரைத் தள்ளி, அடுப்பையும் தண்ணீர்க் குடங்களையும் மூடிவிட்டு நின்றது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

அதை அவர் போனில் சொன்னபோது என் திரையில் நாற்பத்தொரு பச்சையும் அப்படியே இருந்தன.

2. போன்களைப் பார்க்கப் போனது

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். அந்தத் தொங்கல் காம்பராக்காரர் மரியாயி அக்கா. கொழுந்து எடுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும், லயத்தில் எந்தக் காரியம் என்றாலும் முன்னுக்கு நிற்பவர். மண்வெட்டியால் குசினியை அள்ளிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினார்.

“இதுதான் மிஸ் நீங்க அனுப்புனது. கட்டம் கட்டமா இருக்கு, பாருங்க. போன் ரீலோட் கம்பெனிக்காரன்தான் என்னமோ அனுப்புறான்னு வச்சிட்டேன்.”

பட்டன் போன். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. நான் எழுதிய ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டம். மெசேஜ் போய்ச் சேர்ந்தது உண்மைதான். என் புரோகிராம் பொய் சொல்லவில்லை. நான்தான் அது சொன்னதைத் தப்பாக விளங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வரை ஒவ்வொரு காம்பராவாகப் போய்ப் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு போனில் இன்பொக்ஸ் நிறைந்து வழிந்தது. கம்பெனி விளம்பரங்களுக்கு நடுவில் என் மெசேஜ் திறக்கப்படாமலே கிடந்தது. இன்னொன்று டச் போன், நல்ல போன்தான், ஆனால் மெசேஜை மூன்று துண்டாகப் பிரித்துக் கடைசித் துண்டை முதலில் காட்டியிருந்தது. தமிழில் எழுபது எழுத்துக்கு மேல் போனால் எஸ்எம்எஸ் உடையும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘கனமழை காரணமாக’ என்று இழுத்து எழுதியதும் நான்தான். சிங்களப் பாடசாலையில் படித்த பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இரண்டு வீட்டில் கொடுத்திருந்த நம்பர் கொழும்பில் கடை வேலை செய்யும் கணவன்மாருடையது. மெசேஜ் கொழும்புக்குப் போயிருக்கிறது. அதில் ஒருவர் அதை வாசித்துவிட்டு, வீட்டுக்குச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார். வீட்டில் வேறு போன் இல்லை.

நாங்கள் நாலு பேரும் சோதித்துப் பார்த்த போன்கள் எல்லாம் இரண்டு வருடத்துக்குள் வாங்கியவை.

இளையவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பாவிக்கப் போகிறவரின் போனைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்த அப்பையும் முடிந்தது என்று சொல்லாதீர்கள். மொடலைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதாது. சார்ஜ் நிற்கிறதா, சத்தம் வருகிறதா, எத்தனை பேர் அதைப் பாவிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

3. யார் குரல்

எழுத்து வேண்டாம், கோல் எடுப்போம் என்று மாற்றினேன். எந்தப் பழைய போனிலும் கோல் வரும். கொழும்பு நம்பர் இரண்டுக்கும் பதிலாகப் பக்கத்துக் காம்பராக்காரரின் நம்பரைப் போட்டேன். என் குரலிலேயே பதிவு செய்தேன். பரீட்சார்த்தமாக அனுப்பியதில் பாதிப் பேர் நடுவில் வெட்டிவிட்டார்கள்.

மரியாயி அக்கா விளக்கினார். “ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு மிஸ். ‘மண்சரிவு அபாயம் நிலவுவதால்’னு தொடங்குனா, யாருக்கோ சொல்றாங்கன்னு தோணுது. எங்களுக்குச் சொல்ற மாதிரி இல்ல.”

“அப்ப நீங்களே சொல்லுங்க அக்கா.”

முதலில் கூச்சப்பட்டார். பிறகு என் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, காட்டில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார்: “நான் மரியாயி பேசுறேன். மலை சரியில்ல. புள்ளைங்கள தூக்கிக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்கு வாங்க. சாமான் சட்டி ஒண்ணும் எடுக்க வேணாம்.”

ஒரே தடவை. அதைத்தான் வைத்தேன். சிங்களத்திலும் அவரே பேசிக் கொடுத்தார். கேட்டு முடிந்ததும் ஒன்றை அமுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். அமுக்கினால்தான் என் திரையில் பச்சை விழும். இந்தத் தடவை எல்லாம் சரி என்று நம்பினேன்.

4. ஒன்றை அமுக்காத பரமேஸ்வரி

அடுத்த பெரிய மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கோல்கள் போயின. பச்சை விழத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை. அந்த ஒன்று கீழ் லயத்துப் பரமேஸ்வரி. கைக்குழந்தைக்காரி.

பாடசாலையில் இருந்த மரியாயி அக்காவுக்குக் கோல் எடுத்தேன். “அக்கா, பரமேஸ்வரி இன்னும் அமுக்கல.”

“அய்யோ, நேத்து அவளுக்குக் காய்ச்சல். படுத்துக் கெடக்குறா போல.”

அவ்வளவுதான் பேசினோம். பத்து நிமிடத்தில் பண்டார மாத்தயாவிடமிருந்து கோல் வந்தது.

“மிஸ், மரியாயி எங்க போறேன்னு சொன்னாங்களா? போனை இங்க பெஞ்சில வச்சிட்டுப் போயிருக்காங்க.”

“பரமேஸ்வரியத் தேடி.”

“பரமேஸ்வரி இங்கதானே இருக்கா! அடுத்த வகுப்புல புள்ளைக்குப் பால் குடுக்குறா.”

பரமேஸ்வரியின் போனில் திரை ஒரு மூலையில் உடைந்திருந்தது. ஒன்று என்ற இலக்கம் வருவது அந்த மூலையில்தான். அவள் கோலைக் கேட்டிருக்கிறாள், அமுக்கிப் பார்த்திருக்கிறாள், வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டுக் குழந்தையோடு எல்லோருக்கும் முன்னால் வந்திருக்கிறாள். சொன்னதைச் சரியாகச் செய்தவள் அவள். அவளைக் காணவில்லை என்று சொன்னது என் திரை. அதை நம்பி ஒரு பெண் மலைக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறாள்.

“நான் போய்க் கூட்டிட்டு வாறேன்” என்றார் மாத்தயா.

“நீங்களும் லயத்துக்குப் போகாதீங்க மாத்தயா” என்றேன்.

அவர் பாதை வளைவு வரைக்கும் மட்டும் போய், மோட்டார் சைக்கிள் ஹோர்னை விடாமல் அடித்தார். போன் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். திரையில் மழை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் யாரும் இல்லை. செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவ்வளவு நேரம் கணினியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நான் இருந்ததே இல்லை.

ஹோர்ன் நின்றது. “வாறாங்க மிஸ்” என்றார்.

அன்று மண் இறங்கவில்லை. அது எங்கள் கெட்டித்தனம் இல்லை.

போன் கை மாறியது. மரியாயி அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

“கீழ் லயம் பூரா கதவு தட்டிட்டு வாறேன் மிஸ். ஒரு சத்தம் இல்ல. அந்தப் புள்ள செத்துட்டாளோன்னே நெனச்சிட்டேன்.”

“மன்னிச்சிக்கிங்க அக்கா. பிழை என்னோடது.”

“சரி, அது போகட்டும். ஒண்ணு கேக்குறேன். உங்க லிஸ்ட்ல என் பேரு இருக்கா?”

பார்த்தேன். இல்லை. அவர் குரலைப் பதிவு செய்த அன்றே அவர் நம்பரை நான் எடுத்துவிட்டிருந்தேன். சொல்கிற ஆளுக்கே எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து எடுத்தது.

“இல்ல அக்கா.”

“அப்ப நான் அங்கேருந்து திரும்பி வராட்டி, உங்க கம்பியூட்டருக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“எல்லாரும் வந்தாச்சுன்னு காட்டியிருக்கும்.”

“ஆமா அக்கா.”

அவர் போனை மாத்தயாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கிழமையே எல்லாவற்றையும் மாற்றினேன். எந்த இலக்கத்தை அமுக்கினாலும் போதும், முழுதாகக் கேட்டாலும் போதும். பாடசாலைச் சுவரில் பெயர்கள் எழுதிய தாள் ஒன்று தொங்குகிறது. வந்தவர்களை ஆள் பார்த்து அதில் குறிக்கிறார்கள். யாரையும் தேடி லயத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதை மரியாயி அக்காவே தன் குரலில் சேர்த்துச் சொன்னார். தாளில் முதல் பெயர் மரியாயி. இரண்டாவது பண்டார மாத்தயா.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் மென்பொருள் பிழை விடும். எல்லோருடையதும் விடும். அப்படி விடுகிற நாளில் யார் எழுந்து நடக்க வேண்டி வரும் என்று முதலிலேயே யோசியுங்கள். அந்த ஆளின் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.