பத்தாம் இலக்கத்துக்கு இரண்டு காவல்

ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் தென் லண்டனில் ஒரு பூங்காவை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் உதைபந்தாட்டப் போட்டி நடத்துவார்கள். நான் அங்கே விளையாடப் போவதில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, எந்த ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார் என்று கொப்பியில் எழுதிக்கொள்வேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருடமே ஒரே ஆட்டத்துக்கு ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பாடசாலை நாளிலேயே தொடங்கிய பழக்கம் இது. மூன்றாம் பிரிவு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரே ஒரு மாலை மைதானத்துக்குப் போனேன். அரை மணித்தியாலம் கழித்து விளையாட்டு மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீர் ஸ்கோர் எழுதும்" என்றார். அதோடு என் ஆட்டம் முடிந்தது.

எங்கள் கல்லூரி மிகப் பழையது. யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் என்றால் முதலில் அதன் பெயரைத்தான் சொல்வார்கள். லண்டனில் அந்தப் பெயரோடு விளையாடும் எங்கள் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணி அவ்வளவு பெரிய அணி இல்லை. மருந்துக்கடைக்காரர், கணக்காளர்கள், முதுகுவலிக்குப் பட்டி கட்டிக்கொண்டு வரும் ஒருவர். அரையிறுதியைத் தாண்டிப் பல காலம். ஆனால் எங்களோடு மோதும் அணிகளைப் பற்றி என் குறிப்புகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் ஒரு சாதாரண அணியிடம் நான்கு கோல் வாங்கியவர்கள் மத்தியானம் எங்களை ஒரு கோல் கூடப் போட விடமாட்டார்கள். மற்ற ஆட்டங்களுக்கு ஏழு பேரைச் சேர்க்கவே தொலைபேசியும் கையுமாக நிற்பவர்கள், எங்கள் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேராக வந்து யாரை வெளியே இருத்துவது என்று சண்டை பிடிப்பார்கள். ஒரு முறை ஒருவர் இதற்காகவே பாரிஸிலிருந்து வந்து, ஆட்டம் முடிந்ததும் திரும்பிப் போனார். பல வருடக் கொப்பிகளை ஒன்றாக விரித்து வைத்து இதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு பெயர் இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு காலம் கழித்து, மனிதர்களின் கால்களை இப்படி ஓட வைக்குமா?

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட ஞாயிறைப் பற்றி.

அன்று எங்கள் முதல் ஆட்டம் ஒரு சிறிய கிராமப் பாடசாலையின் அணியோடு. ஊரில் அவர்களுக்கு இரண்டு கட்டடங்களும் கோயிலோடு பங்கு போட்ட ஒரு வெளியும் இருந்தன. அவர்களின் தலைவர் தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைக் கடந்தவர், வலது முழங்காலில் எப்போதும் ஒரு கறுப்புப் பட்டி. லண்டனில் எங்களை எதிர்த்து அவர் விளையாடாத வருடமில்லை. ஒருமுறை கூட வென்றதில்லை. செப்டம்பரில் முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு பந்தைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே எங்களை வெல்ல அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஆட்டம்தான். அதை அவர் ஒளிக்கவில்லை. காலையில் தேநீர் வரிசையில் என்னிடமே சொன்னார்.

"ஊரிலை இருக்கேக்கை உங்களோட ஒரு மட்ச் தாருங்கோ எண்டு கேட்டு எங்கட பள்ளிக்கூடம் கடிதம் போட்டது அண்ணை. பதிலே வரேல்லை. இஞ்ச வந்த பிறகுதான் சீட்டுக் குலுக்கிப் போடுறதாலை உங்களோட விளையாடக் கிடைச்சது. இண்டைக்கு வெல்லாட்டி இனி இல்லை."

"மற்ற ரீமுகளை வெண்டிருக்கிறீங்கள்தானே?" என்றேன்.

"அது கணக்கிலை இல்லை" என்று சொல்லிவிட்டு, தேநீரை ஒரே மிடறில் குடித்தார்.

ஆட்டம் பதினொன்றுக்கு. பதினொன்றாகியும் எங்கள் பக்கத்தில் ஆறு பேர்தான் நின்றார்கள். வட லண்டனிலிருந்து இருவரை ஏற்றி வந்த கார் வீதி மூடியிருந்ததால் எங்கோ அகப்பட்டுக் கிடந்தது. ஏழு பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை, எதிரணிக்கு விளையாடாமலே வெற்றி, அதாவது வோக்கோவர் என்பது விதி. போட்டி நடத்துபவர் மேசையில் அதை எழுதப் பேனையைத் திறந்தபோது பலசரக்குக் கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"வோக்கோவர் எங்களுக்கு வேண்டாம். பத்து நிமிசம் பாருங்கோ."

"மூண்டு புள்ளி சும்மா வருது. வாங்கிக்கொண்டு போங்கோவன்."

"நான் இவ்வளவு காலம் நிண்டது வோக்கோவருக்கோ?"

அதற்குள் எங்கள் அணிப் பொறுப்பாளர் என்னிடம் ஓடி வந்தார். எட்மண்டனில் மருந்துக்கடை வைத்திருப்பவர், அன்று முன்வரிசையிலும் விளையாடியவர்.

"அண்ணை, உங்கட சப்பாத்து அளவு என்ன?"

"எட்டு. ஏன்?"

"ஒம்பது இருக்கு. ரெண்டு சோடி கால்மேஸ் போட்டாச் சரி. கெதியா வாங்கோ."

"தம்பி, நான் ஒருநாளும்…"

"ஓடத் தேவையில்லை. நிண்டாக் காணும்."

வாகனத் தரிப்பிடத்தில் ஒரு வானுக்குப் பின்னால் உடை மாற்றினேன். எனக்குக் கிடைத்தது காரில் அகப்பட்டவரின் பை. அவர் எங்கள் முன்னணி ஆட்டக்காரர், பையை முதல் நாளே பொறுப்பாளரின் காரில் வைத்திருந்தார். அதில் இருந்த ஜேர்சி பத்தாம் இலக்கம். எங்கள் கல்லூரியில் அந்த இலக்கத்தை யார் யார் அணிந்தார்கள் என்ற பட்டியல் முழுவதும் எனக்குப் பாடம். அதைத் தலைக்கு மேலால் இழுத்துப் போட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வானின் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

எதிரணி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஆட்டம் தொடங்கிய கையோடு கடைக்காரரின் குரல் கேட்டது. "பத்தைப் பிடி. பத்தை விடாதை. நீயும் போ, ரெண்டு பேரும் நில்லுங்கோ."

ஸ்ட்ரெதம் பக்கம் பஸ் ஓட்டும் ஒருவர் என் வலது தோளோடு வந்து நின்றார். ஆறடிக்கு மேல் உயரம். இடப்பக்கம் ஒரு மெலிந்த மனிதர். நான் இரண்டடி நகர்ந்தால் இருவரும் இரண்டடி நகர்ந்தார்கள்.

"அண்ணை எந்த வருசத்து ரீம்?" என்று பஸ் ஓட்டுநர் மெல்லக் கேட்டார்.

"ரீமிலை இருக்கேல்லை தம்பி. நான் விளையாடினதே இல்லை."

"உங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம். போன முறை ஒருத்தர் நொண்டிக்கொண்டு வந்து ரெண்டு கோல் போட்டிட்டுப் போனவர்."

"உண்மையாத்தான் சொல்லுறன். நான் ஸ்கோர் எழுதிற ஆள்."

"தெரியும். ஒவ்வொரு வருசமும் கொப்பியோட வந்து எங்கட விளையாட்டைப் பாத்துப் பாத்து எழுதிறனீங்கள். என்னத்துக்கு எண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

மெலிந்தவர் எனக்கு மேலால் எட்டிச் சொன்னார். "ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறாங்கள் மச்சான்."

நான் மூன்று முறை உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள்.

ஏழாவது நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. நிறுத்தலாம் என்று காலைத் தூக்கினேன். பெரிய சப்பாத்து, கண்ணாடியும் இல்லை. பந்து என் காலுக்குக் கீழால் போய்விட்டது. கையெட்டும் தூரத்தில் நின்ற பஸ் ஓட்டுநர் அதை எடுத்திருக்கலாம். எடுக்காமல் ஓரடி பின்வாங்கினார். இது ஏதோ ஏமாற்று, அடுத்ததாக நான் என்னவோ செய்யப் போகிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும். பந்து உருண்டு போய் ஆளில்லாத இடத்தில் நின்ற பொறுப்பாளரிடம் சேர்ந்தது. அவர் கோல் போட்டார்.

"விட்டுக் குடுத்த விதத்தைப் பாத்தியோ" என்று மெலிந்தவர் பெருமூச்சு விட்டார்.

இடைவேளை வரை அப்படியே ஒன்றுக்குப் பூச்சியம். பொறுப்பாளர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணை, ஒண்டும் செய்ய வேண்டாம். அந்த மூலையிலை போய் நில்லுங்கோ. ரெண்டு பேரும் உங்களோட வருவினம். நாங்கள் மிச்சப் பேரைப் பாக்கிறம்."

அவர் சொன்னது சரியான உத்தி. எதிர்ப்பக்கம் பார்த்தேன். கடைக்காரர் புல்லில் இருந்து முழங்கால் பட்டியைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சமிருந்தது பதினைந்து நிமிடம். அந்த நேரம் முழுவதும் அவருடைய நல்ல ஆட்டக்காரர் இருவர் அலுவலகக் கோப்புப் பிரிவில் எழுதுநராக வேலை செய்யும் எனக்குக் காவல் நிற்கப் போகிறார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் நான் மூலைக்குப் போகவில்லை. பின்னால் வந்து எங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"அண்ணை, முன்னுக்குப் போங்கோ" என்று பொறுப்பாளர் கத்தினார்.

"மூச்சு வாங்குது தம்பி."

மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் களைத்துப் பின்னால் வந்தேனா, இரங்கி வந்தேனா என்று கேட்டால் இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கே போனால் யாருக்கும் பயனில்லாமல் இருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன். நான் நினைக்காத ஒன்று நடந்தது. காவலர் இருவரும் என்னோடேயே வந்து, எங்கள் கோலுக்கு நேர் முன்னே நின்றார்கள். சற்று நேரத்தில் கடைக்காரர் தூரத்திலிருந்து அடித்த பந்தை எங்கள் கோல்காப்பாளர் தட்டிவிட, அது துள்ளிப் பஸ் ஓட்டுநரின் காலடியில் விழுந்தது. அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகுதான் பந்தைப் பார்த்தார். தள்ளிவிட்டார். ஒன்றுக்கு ஒன்று.

அதன் பிறகு நான் பார்த்தது போன்ற ஆட்டத்தை அந்தப் பூங்காவில் வேறெந்த வருடமும் பார்த்ததில்லை. வயிறு தள்ளிய, தலை நரைத்த, காலையில் கடை திறந்துவிட்டு வந்த மனிதர்கள் பந்தின் முன்னே விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். கோட்டுக்கு வெளியே அவர்களின் மனைவிமார் பேச்சை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றார்கள். எங்கள் ஆட்களும் விட்டுக் கொடுக்கவில்லை. கடைசி நிமிடத்தில் பக்கக்கோட்டிலிருந்து ஒரு எறிபந்து. கடைக்காரரால் அப்போது ஓட முடியவில்லை, நின்ற இடத்தில் நின்றார். பந்து அவர் மார்பில் பட்டு விழுந்தது. பட்டி கட்டிய காலை ஊன்றித் திரும்பி மற்றக் காலால் அடித்தார். கோல்காப்பாளரின் இரு கால்களுக்கும் இடையால் பந்து போனது.

விசில் ஊதியதும் அவர் நின்ற இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டார். அவரைத் தூக்க ஓடியவர்களைக் கையால் விலக்கினார். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். வெற்றி அவருடையது, அதில் ஒரு பொய் கலந்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

"தம்பி, ஒரு விசயம் சொல்ல வேணும். நான் உண்மையிலேயே விளையாடத் தெரியாத ஆள். ஆள் போதாமல் என்னைப் போட்டவை."

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"தெரியும் அண்ணை. நீங்கள் பந்தை மிதிக்கக் காலைத் தூக்கின விதத்திலேயே தெரிஞ்சுது."

"பிறகேன் ரெண்டு பேரை என்னோட விட்டு வைச்சனீங்கள்?"

"எடுக்கத்தான் நினைச்சன். மனம் விடேல்லை. அந்தப் பத்து அங்கால தனிய நிக்க, எனக்கு இஞ்சால நிண்டு விளையாட ஏலாது." முழங்கால் பட்டியைத் தளர்த்தினார். "அதைச் சும்மா விட்டிட்டு வெண்டால் உங்களை வெண்டதா இருக்குமோ?"

வரலாற்று நூல்கள் நிறைய வாசிப்பவன் நான். ஒரு பேரரசு எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதைத் தலைநகரில் இருந்தவர்களின் குறிப்புகளைவிட எல்லைப்புறத்தில் அதை எதிர்பார்த்து விழித்திருந்தவர்களின் குறிப்புகளில்தான் காணலாம் என்று பல முறை எண்ணியதுண்டு. எங்கள் கல்லூரியின் பெருமையைக் கோப்பைகளிலும் ஆண்டு மலர்களிலும் தேடி இத்தனை காலம் எழுதியிருக்கிறேன். அது இந்த மனிதரின் முழங்காலுக்குள் இருந்திருக்கிறது.

படம் எடுக்க அவர்கள் வரிசை கட்டினார்கள். கோப்பை எதுவும் இல்லை, அது முதற்சுற்று ஆட்டம்தான். பஸ் ஓட்டுநர் வந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை நடுவிலை வாங்கோ. ஜேர்சியைக் கழட்டாதேங்கோ."

"நான் தோத்த பக்கம் தம்பி."

"அதுதான் வரச் சொல்லுறம். ஆரை வெண்டனாங்கள் எண்டு படத்திலை தெரிய வேண்டாமோ?"

நின்றேன். ஒரு அணியோடு படத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

ஒரு மணிக்கு அவர்களுக்கு அடுத்த ஆட்டம். எதிரே வந்தது எங்களிடம் பல முறை தோற்ற ஒரு நடுத்தர அணி. கடைக்காரர் விளையாடவில்லை. உறைந்த பட்டாணிப் பை ஒன்றை முழங்காலில் வைத்துக்கொண்டு கோட்டோரம் இருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று எழுதினேன். முதல் கோல் மூன்றாம் நிமிடத்தில் விழுந்தது. அவருடைய ஆட்கள் ஓடவில்லை, நடந்தார்கள். பஸ் ஓட்டுநர் ஆட்ட நடுவில் மெலிந்தவரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை அண்ணை?" என்று கடைக்காரர் தலையைத் தூக்காமல் கேட்டார். தொலைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு பூச்சியம்."

"ஓம்" என்றார். படத்தை என் பக்கம் திருப்பி, அதன் நடுவில் விரலை வைத்தார். "பத்து வடிவாத் தெரியுது."