பரீதாவுக்கு எந்தக் கதை பிடிக்கும்?

வாங்க வருகிறவனையே விரட்டுகிற வியாபாரி சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் அப்துல் அலீம் ஒருவர்தான். "எடுக்குறதுன்னா எடு. தடவிப் பாக்க இது என்ன கத்திரிக்காயா?" என்பார். தேக்கா சந்தைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படியும் அவரிடமேதான் வாங்குவார்கள்.

கடை என்று பேர்தான். டன்லப் தெருவில் ஒரு துணிக்கடையின் சுவரை ஒட்டி, கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் ஒரு மரத்தட்டு. தட்டில் வெற்றிலை, சுருட்டு, தீப்பெட்டி, மிட்டாய்ச் சாடி. தலைக்கு மேலே குறுக்கே கட்டிய கயிற்றில், துணி காயப்போடுகிற கவ்வி மாட்டி, மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகள் வரிசையாகத் தொங்கும்.

இவ்வளவு பத்திரிகை விற்ற மனுஷருக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர் அவருக்கு. மதரஸாவில் நன்றாக ஓதியவர். தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெண்சாதி கதீஜாவின் கடிதமும் அந்த எழுத்தில்தான் வலமிருந்து இடமாக ஓடி வரும். தமிழ் எழுத்தைப் பார்த்தால் மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுவார். வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோயிருக்கும். அட்டையின் நிறத்தையும் தலைப்பின் வளைவு நெளிவையும் அடையாளம் வைத்தே அவர் வியாபாரம் நடந்தது.

"நான் ஓதுனவன். படிச்சவன் இல்ல" என்று ஊர்க்காரக் கூட்டாளி சேக் தாவூதிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

யுத்தம் முடிந்ததும் ஊர் போய்க் கல்யாணம் முடித்து, ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பனாகித் திரும்பியவர். கப்பலேறின அன்று பரீதா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்றே வருஷங்கள் ஓடின. கடையை யாரிடம் விடுவது? போனவனைச் சர்க்கார்க்காரன் திரும்ப உள்ளே விடுவானோ மாட்டானோ என்கிற பயம் வேறு. போக முடியாத ஆள் மாதம் ஒரு குழந்தைப் பத்திரிகையை மகளுக்கு அனுப்பிவைத்தார். ஊர்க்காரர் யார் கப்பலேறினாலும் ஒரு பொட்டலம் அவர் கையில் ஏறிவிடும்.

"மெட்ராஸுல அச்சடிக்கிறான், சிங்கப்பூருக்கு வருது, மறுபடி கப்பலேறி நம்மூருக்குப் போவுது. பத்திரிகைக்கே தலை சுத்திரும் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார் சேக் தாவூது.

"உன் தலை சுத்தாமப் பாத்துக்க. கொண்டு போய்க் குடு."

எதை அனுப்புவது? படம் நன்றாயிருக்கிறது என்று ஒன்றை எடுப்பார். உள்ளே என்ன கதையோ! பேயா, பிசாசா, பெண் பிள்ளை படிக்கத்தக்கதா? யாரிடம் போய்க் கேட்பது? பத்திரிகைக்காரன் கதை கேட்டால் ஊர் சிரிக்காதா?

ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் பள்ளிகள் லீவு விட்டன. மழைக் காலம். ஒற்றை அறையில் குடும்பமே அடைந்து கிடக்கிற வீடுகளிலிருந்து பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது தாய்மார்களுக்கு. அவை அஞ்சடியில் ஓடி ஆடி, கடைசியில் அலீம் பாய் கடையின் கயிற்றடியில் வந்து நின்றன. விசிறியை ஓங்கி விரட்டுவார். ஈ மாதிரி திரும்ப வந்து மொய்க்கும்.

அதில் ஒருத்தி நகரவே இல்லை. துணி தேய்க்கும் மருதப்பன் மகள் லீலா, நாலாவது படித்துக்கொண்டிருந்தவள். தொங்குகிற பத்திரிகைக்கு அடியில் நின்று கழுத்தை ஒடித்துப் பின்னட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, கழுத்து சுளுக்கிக்கிட்டா உங்கப்பன் வந்து என்னைய இஸ்திரி போட்டுருவான். போ அந்தப் பக்கம்!"

"கதை இங்க முடியுது பாய். முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியல."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

"ஒரு நரி எதுக்கோ அழுவுது பாய். ஏன் அழுவுதுன்னு தெரியணும்ல?"

அலீம் விசிறியைக் கீழே வைத்தார். நரி அழுகிறதா? அந்த அட்டையை நாலு நாளாகப் பார்க்கிறார், அதில் நரி இருப்பதே அவருக்குத் தெரியாது. கவ்வியைக் கழற்றிப் பத்திரிகையை அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பெட்டி மேல உக்காந்து படி. மடிக்கக் கூடாது, எச்சி தொட்டுப் பொரட்டக் கூடாது. படிச்சிட்டு முழுக் கதையையும் எனக்குச் சொல்லணும். சொல்லல, இந்த லீவு முடியிற மட்டும் இந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது!"

அவள் படித்தாள், சொன்னாள். மறுநாள் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள். அந்த வாரமே பாய் கடைப் பெட்டிகளில் இடமில்லை. குழாயில் கை கழுவி, சட்டையில் துடைத்து, நீட்டிக் காட்டினால்தான் புத்தகம். படித்து முடித்தவன் தட்டுக்கு முன்னால் நின்று கதை சொல்ல வேண்டும். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பார். யாராவது, "பாய், இது என்ன சொல்லு?" என்று பக்கத்தை நீட்டினால் வள்ளென்று விழுவார்: "பள்ளிக்கூடம் எதுக்குப் போறே? நீயே கூட்டிப் படி!" என்ன கண்டிப்பான பாய் என்று நினைத்துப் பிள்ளைகள் கூட்டிப் படித்தன.

மாணிக்கம் என்று ஒரு பயல். அவனுக்குப் படிப்பதென்றால் வேப்பங்காய். படங்களைப் புரட்டிவிட்டு எழுந்து நின்று அளந்தான்: ராஜா யானை மேல் போனான், எதிரியை வெட்டினான், பத்து நாட்டைப் பிடித்தான். பாய் வாயைப் பிளந்து கேட்டார். "பலே!" என்று ஒரு மிட்டாய் கொடுத்தார். அடுத்து அதே பத்திரிகையைப் படித்த லீலா சொன்னாள், "ராஜா யானையிலேருந்து விழுந்து செத்துப் போயிடுறாரு பாய். முதல் பக்கத்துலயே."

"டேய் இபுலீசே! செத்தவன் எப்படிடா பத்து நாட்டப் புடிச்சான்?"

"படத்துல உயிரோடதான் இருந்தாரு லா!" என்றான். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவது சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பழக்கம்.

காதைத் திருகின திருகில் மாணிக்கம் அன்றைக்கு முழுப் பத்திரிகையையும் எழுத்தெழுத்தாகப் படித்தான். ஏமாற்றினால் அடுத்தவள் காட்டிக் கொடுப்பாள் என்கிற பயத்தில் தினமும் படித்தான். "வீட்டுல புத்தகத்தத் தொடாத பய, உங்க கடையில என்ன மாயம் பாய்?" என்று அவன் அம்மா சரஸ்வதி சந்தைக் கூடையோடு நின்று கேட்டாள். "மாயமும் இல்ல மந்திரமும் இல்ல. உம் மவன் மிட்டாய்த் திருடன்" என்றார் பாய்.

எல்லாப் பிள்ளைகளிடமும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார். "இது பொம்பளப் புள்ளைக்குப் புடிக்குமா?"

ஒருநாள் லீலா திருப்பிக் கேட்டாள். "எந்தப் பொம்பளப் புள்ளைக்கு பாய்?"

"ஊர்ல ஒண்ணு இருக்கு. எம் மவ. பரீதா."

"அவளுக்கு எந்த மாதிரிக் கதை புடிக்கும்?"

அலீம் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். "சின்னப் புள்ளதானே. ஆனை, மொசலு, இதெல்லாம் புடிக்கும்."

"என்னைவிடச் சின்னவளா?"

சின்னவளா? மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுவரைப் பிடித்து நின்ற பிள்ளை இன்னும் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. இவளைவிட அது பெரியது என்று கணக்கு சொன்னது, மனசு கேட்கவில்லை. "கேள்வி கேக்காமப் படி புள்ள!" என்று சத்தம் போட்டார்.

அன்று சாயங்காலம் சேக் தாவூது ஊருக்குக் கப்பலேறுகிறார். முயல் கதைப் பத்திரிகை ஒன்றைப் பொட்டலம் கட்ட எடுத்து வைத்துவிட்டு, அலீம் உள்ளே சணல் தேடப் போனார். அந்த இடைவெளியில் லீலா தன் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நாலு வரி எழுதி, முயலுக்கும் ஆமைக்கும் நடுவில் செருகி வைத்தாள்.

பள்ளி திறக்கச் சில நாள் இருக்கையில், மழை அஞ்சடிக்குள்ளேயே சாரலடித்த ஒரு பகலில் தபால்காரர் நீல நிற விமானக் கடிதம் ஒன்றைத் தட்டில் போட்டுப் போனார். மேலே வழக்கம்போல இங்கிலீஷ் விலாசம், அது அவருக்குப் படிக்கவே வராது. அலீம் ஓரத்தைக் கிழித்துப் பிரித்தார்.

உள்ளே இருந்தது தமிழ் எழுத்து.

இத்தனை வருஷத்தில் கதீஜாவின் எழுத்தைத் தவிர வேறு எழுத்து அந்த வீட்டிலிருந்து வந்ததில்லை. வேறு ஆளைப் பிடித்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அவளால் எழுத முடியவில்லை. எழுத முடியவில்லை என்றால்? முதல் வரியைக் கூட்டிப் பார்த்தார். 'அ' இருந்தது, 'பு' இருந்தது, நடுவில் இருந்தது கண்ணுக்கு ஆடியது. துணிக்கடைக் கணக்கப்பிள்ளையிடம் போகலாம். ஆனால் அதுவரை பொறுக்க முடியாது.

"லீலா" என்றார். அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. "இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு புள்ள. எனக்கு இந்த எழுத்து வராது."

மாணிக்கம் வாயைத் திறந்தான். லீலா அவன் காலை மிதித்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள்.

"அன்புள்ள லீலாவுக்கு..." படித்தவள் நிறுத்தினாள். "பாய், இது எனக்கு வந்திருக்கு!"

"உனக்கா? யாருக்கும் மவுத்து, சாவுன்னு இருக்கா? கதீஜான்னு இருக்கா பாரு, கதீஜா!"

அவள் விரலை ஓடவிட்டாள். "'உம்மா நலம்'னு இருக்கு பாய்."

அலீம் அரிசி மூட்டை சரிகிற மாதிரி முக்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "படி" என்றார். "ஒரு எழுத்து விடாமப் படி."

லீலா பள்ளிக்கூடத்தில் படிக்கிற ராகத்தில் படித்தாள்.

"அன்புள்ள லீலாவுக்கு பரீதா எழுதுவது. உம்மா நலம், நானும் நலம். உன் கடிதம் கிடைத்ததும் மிகவும் சந்தோஷப்பட்டேன். எனக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். வாப்பா அனுப்புவது எல்லாம் சின்னப் பிள்ளைக் கதை. அவற்றை அடுத்த வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன். உங்களுக்கு லீவு என்று எழுதியிருந்தாய். எனக்கு இப்போது எப்போதும் லீவுதான். ஏழாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். நான் வகுப்பில் முதலாவதாக இருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், பூகோளம் மனப்பாடம் ஆகிவிட்டது. கதை சொல்லாவிட்டால் வாப்பா காதைத் திருகுவார் என்று எழுதியிருந்தாய். அவர் எப்படிப் பேசுவார்? சத்தமாகவா, மெதுவாகவா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவசியம் எழுது. இதையெல்லாம் வாப்பாவிடம் சொல்லாதே."

கடைசி வரியைப் படித்த பிறகுதான் லீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்பவும் லீவா!" என்றான் மாணிக்கம். "அதிர்ஷ்டக்காரி லா!" லீலா அவனை முறைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அலீமுக்கு ஒன்று நினைவு வந்தது. சில மாதத்துக்கு முன்னால் கதீஜா எழுதியிருந்தாள்: பரீதா பெரிய மனுஷியாகிவிட்டாள், அல்லாஹ் காவலில் வீட்டோடு இருக்கிறாள் என்று. சந்தோஷத்தில் அன்றைக்கு மிட்டாய்ச் சாடியைக் கவிழ்த்துத் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். வீட்டோடு இருக்கிறாள் என்றால் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று அர்த்தம் என்பது அன்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் படித்தாள் என்பதுகூட அவர் நினைப்பில் இருந்ததில்லை. முதலாவதாமே!

"ஏன் பாய் அவளப் பள்ளிக்கூடத்துக்கு விடல?"

"எங்கூருல அப்படித்தான் புள்ள." என்றைக்கும் உரக்கச் சொல்லியிருக்கக்கூடிய பேச்சுதான். இன்றைக்கு முனகலாகத்தான் வந்தது. "அத நான் அவ உம்மாவுக்கு எழுதிக் கேக்குறேன்."

எழுதுவார்தான். கதீஜா அதைத் தன் அண்ணனிடம் காட்டுவாள். அங்கே வீட்டில் ஆம்பிளை என்று இருப்பவர் அவர். தகப்பன் சொல்தான், ஆனால் கடல் தாண்டிப் போகிற சொல் கரையேறுவதற்குள் ஊறிப்போய்விடும். அது அலீமுக்குத் தெரியும்.

தட்டுக்கு அடியிலிருந்து புது விமானத் தாள் ஒன்றை எடுத்து லீலாவின் முன்னால் வைத்தார். பேனா மூடியைத் தாமே கழற்றிக் கொடுத்தார்.

"எழுது. சின்னப் புள்ளக் கதை இனிமே வராதுன்னு எழுது."

"சத்தமாப் பேசுவாருன்னு எழுது லா!" என்றான் மாணிக்கம். "காது இன்னும் வலிக்குதுன்னும் எழுது!"

"எழுது, எழுது. எல்லாத்தையும் எழுது." துண்டு மறுபடி முகத்துக்குப் போனது. "எந்த மாதிரிக் கதை வேணும்னு அவகிட்டயே கேளு. தடிப் புத்தகமா வேணுமான்னு கேளு. பூகோளம் புடிக்குமா, இல்ல வேற ஒண்ணும் இல்லாததால படிச்சாளான்னு கேளு."

லீலா நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள்.

"எம்புட்டு உசரம்னு கேளு. முடிய எப்படிப் பின்னுறான்னு கேளு. பல்லெல்லாம் விழுந்து மொளச்சிருச்சான்னு கேளு."

"ஏழாவது படிச்சவளுக்கு எல்லாம் எப்பவோ மொளச்சிருக்கும் பாய்."

"அப்படியா? சரி, அத அடிச்சிரு. இல்ல, இருக்கட்டும், அடிக்காத. ராத்திரி படிக்க வெளக்கு இருக்கான்னு கேளு. யார் கூடப் பேசுவான்னு கேளு. சிரிச்சா எப்படி..."

"பாய், தாள்ல எடமில்ல பாய்."

அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியாத எழுத்து, மேலிருந்து கீழ் வரை நெருக்கி நிறைந்திருந்தது. நான்கு பக்கமும் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது.

"ஓரத்துல எழுது" என்றார்.