ஒன்பது கிராம் தாய்

முதலில் வெறும் பையைத் தராசில் தொங்கவிட்டோம். பிறகு எலியோடு. முள் அசைந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. "இறங்கினது, வடிவாப் பாரும்," என்றார் அக்கா. பையின் எடையைக் கழித்தால் ஒன்பது கிராம்.

நெடுந்தீவில் வயற்சுண்டெலிகளைப் பிடித்து, நிறுத்து, அளந்து, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் அந்த மாரியில் எங்கள் இருவருக்கும் வேலை. பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காகச் சேர்ந்திருந்தோம். அக்கா கூடப்பிறந்தவர் அல்ல, என்னைவிட மூத்த ஆய்வாளர். புளியங்கூடலில் கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, பிரசவ விடுமுறை முடிந்து அந்த வாரந்தான் திரும்பியிருந்தார். காலை வள்ளத்தில் வந்தால் பின்னேர வள்ளத்தில் பிள்ளையிடம் ஓடிவிடுவார்.

முதல்நாள் இரவு பெருமழை. கல்வேலியோரத்துக் கடைசிப் பொறிக்குள் தண்ணீர் புகுந்து, அந்த எலி நனைந்து சுருண்டு கிடந்தது. மூக்கிலிருந்து வாலடி வரை என் சுண்டுவிரலின் நீளம். அக்கா அதைப் புரட்டி வயிற்றைப் பார்த்தார். முலைக்காம்புகளைச் சுற்றி மயிர் தேய்ந்திருந்தது.

"இது பால் குடுக்குது. குஞ்சுகள் கிட்டத்தான் எங்கையோ கிடக்கும்."

இரு உள்ளங்கைகளுக்குள்ளும் அதைப் பொத்திக்கொண்டு வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். விரல்நுனியில் சீனித்தண்ணீர் தொட்டு வைத்தார். நெடுநேரம் கழித்து என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடித்துக்கொண்டிருந்த இதயத்தை என்னால் எண்ண முடியவில்லை. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கமாகத்தான் இருந்தது. ஆய்வுகூடத்து மின்தராசில் இப்போது எத்தனையோ உயிர்களை நிறுத்துவிட்டேன். அவ்வளவு சிறிய எடைக்குள் இதயமும் ஈரலும் பாலும் பயமும் எப்படி அடங்கின என்ற வியப்பு இன்னும் தீரவில்லை.

விட்டதும் அது ஓடி ஒளியவில்லை. வரம்பின் பொந்துக்குள் நுழைந்தது. வாசல் வரை மழைத்தண்ணீர் ஏறியிருந்தது. மறுகணம் வாயில் ஒரு குஞ்சோடு வெளியே வந்தது. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய, மயிர் முளைக்காத குஞ்சு. அதைத் தூக்கிக்கொண்டு சேறு தாண்டி, கல்வேலி இடுக்கில் ஏறி மறைந்தது. பிறகு வெறும் வாயோடு திரும்பி வந்தது.

பனையில் காகங்கள் வந்து குந்தின.

"அக்கா, பின்னேர வள்ளம் போயிடும்," என்றேன்.

"பகலிலை விட்டது நாங்கள். காகம் தூக்கினால் எங்கடை பிழை. நீர் வேணுமெண்டால் போம்."

நான் போகவில்லை. இருவரும் கைகளை வீசிக் காகங்களைக் கலைத்துக்கொண்டு நின்றோம். எலி எங்களைப் பொருட்படுத்தவேயில்லை. போனது, வந்தது, இளைப்பாறாமல் மறுபடியும் போனது. கடைசிக் குஞ்சும் கல்லுக்குள் மறைந்தபோது அக்காவின் சட்டை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. சால்வையால் மூடிக்கொண்டு தாயைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா, வள்ளம் போட்டுது. இண்டைக்கு வர ஏலாது. பிள்ளைக்கு மாப்பாலைக் கரைச்சுக் குடுங்கோ."

அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டழுவது எனக்கும் கேட்டது. அன்றிரவு தெரிந்த ஆசிரியை ஒருவரின் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் அவருடைய தாய் குழந்தையோடு காத்துநின்றார். ஏசவில்லை; பிள்ளையைக் கையில் கொடுத்தார். அவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மணம் பிடிபட்டதும் அவசரமாகக் குடிக்கத் தொடங்கினான். அவன் தலையைத் தடவிக்கொண்டே அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அந்த எலி ஒரு குஞ்சையும் விடேல்லை. பாத்தனீர்தானே?"

"ஓம் அக்கா," என்றேன்.