ஈரலில் இருந்த நீர்க்கொப்புளம்

எந்த ஞாயிற்றுக்கிழமை அது என் மகளுக்குள் போயிருக்கும்?

அப்போது விம்கோ நகரில், ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். மகளுக்கு மூன்று வயது. ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதால் ஞாயிறுதோறும் ஆட்டு ஈரல் வாங்குவேன். ஒரு வாரம் ஈரலில் கோலிக்குண்டு அளவுக்கு வெள்ளையாக ஒரு கொப்புளம் இருந்தது. கறிக்கடைக்காரரிடம் காட்டினேன்.

"இன்னாமா இப்டி பயப்புட்ற? உள்ள வெறும் தண்ணி. அத்த அறுத்துக் கடாசிட்டு ஆக்கு, ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னது பொய்யில்லை. ஈரலை நன்றாக வேகவைத்துத்தான் மகளுக்குக் கொடுத்தேன். அறுத்த துண்டை மட்டும், வீணாக்குவானேன் என்று வாசலில் நின்ற தெரு நாய்க்குப் போட்டேன். அப்புறமும் சில வாரங்கள் அப்படிக் கொப்புளம் இருந்தது; அப்போதும் அதற்கே போட்டேன். நாய்க்குப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

மகளுக்கு அந்த நாய்மேல் உயிர். டீக்கடைப் பொறை ரொட்டியில் ஒரு கடி அவளுக்கு, ஒரு கடி அதற்கு. கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் முடியில் முகத்தைப் புதைப்பாள். பிளஸ் டூவில் நாடாப்புழுவின் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். "கை கழுவிட்டு வா" என்று உள்ளிருந்தபடியே சொல்வேன். கழுவினாளா என்று எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஏழு வயதானபோது வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு வீக்கம் தெரிந்தது. வலி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தொட்டுப் பார்த்தார்.

"சூட்டுக் கட்டிதான் கண்ணு. இதுக்குப் போயி ஆஸ்பத்திரில கால் கடுக்க நிக்கப் போறியா? மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சிப் பத்து போடு. ரெண்டே நாள்ல பழுத்து ஒடைஞ்சிக்கும்."

நானும் நாள் தவறாமல் போட்டேன். தோல் சிவந்து, மெலிந்து, பளபளத்தது. ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்கூடச் சட்டை மாட்டும்போது உடைந்தது. சீழ் வரும் என்று பழைய துணியோடு இருந்தேன். வந்தது தண்ணீர். குடிநீர்போல் தெளிந்த தண்ணீர். அதன் பின்னால், அவித்த முட்டையின் உள்தோல்போல வெள்ளையாக ஏதோ நழுவி வந்தது.

சிறிது நேரத்தில் அவள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு வீங்கியது. "அம்மா, மூச்சு வரல" என்றாள். ஆட்டோவில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு போனது நினைவிருக்கிறது. எந்த வழியாகப் போனோம் என்பது நினைவில்லை.

ஊசி போட்டு அவளைக் காப்பாற்றினார்கள். ஸ்கேனில் தெரிந்தது: கல்லீரலில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி. வருடக்கணக்காக வளர்ந்து தோலுக்கே வழி செய்துகொண்டிருக்கிறது. இப்படித் தோலைத் திறந்து வெளியே வருவது மிகவும் அபூர்வம் என்றார் டாக்டர். கசிந்த தண்ணீர்தான் அந்தத் தடிப்புக்குக் காரணமாம். ஆட்டின் கொப்புளத்தைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், அதன் முட்டை முடியிலும் மண்ணிலும் ஒட்டியிருக்கும், கை வழியாக வாய்க்குள் போய்விடும் என்றும் விளக்கினார்.

"வீட்ல நாய் வளக்கறீங்களா?"

"இல்லை" என்றேன். அது எங்கள் வீட்டு நாய் இல்லையே.

அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் மாத்திரை. வீடு திரும்பியபோது அந்த நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தது. கல்லெடுத்து அடித்தேன். "அது இன்னாமா பண்ணுச்சி?" என்று மகள் அழுதாள்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. சிந்திய நீரிலிருந்து மறுபடி கட்டி முளைக்கலாம் என்பதால் வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறோம். இடையில் குளிப்பாட்டும் சாக்கில் விலாவைத் தடவிப் பார்த்து வந்தேன். போன மாதத்திலிருந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

"நீ போம்மா, நானே குளிச்சிக்கிறேன். எப்பப் பாரு தடவிக்கினே இருக்க."

வெளியே நிற்கிறேன். சொம்பில் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்கிறது. அந்தத் தெளிந்த தண்ணீர் நினைவுக்கு வருகிறது.

வெறும் கட்டி என்றுதான் அவளிடம் இதுவரை சொல்லியிருக்கிறேன். இனி அவளேதான் தன் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அதற்கு அது என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் எப்படி வந்தது என்று கேட்பாள். நாய்க்குத் துண்டு போட்ட கையைப் பற்றியும், பத்து போட்ட கையைப் பற்றியும் இந்த வயதுப் பெண்ணிடம் எதுவரை சொல்லலாம்? பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொன்னவர்கள் உங்களில் இருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.