எண் அடங்கும் வரை

பொத்தானை அழுத்தியதும் துவான் ஷூமெய் திரைக்கு முதுகைக் காட்டிவிடுவார். கையுறைகளைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அளவை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் கிடக்கும் மடக்கு நாற்காலியில் உட்காருவார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் இருக்கும். மடியில் தாமரைக்காய். ஆகஸ்ட் மாதம் ஊஹானில் தெருவுக்குத் தெரு கூடையில் விற்கிற அதே பச்சைக் காய்தான். விதையைப் பிதுக்கித் தோலை உரித்து, நடுவிலிருக்கும் கசப்புக் குருத்தை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, பருப்பை வாயில் போட்டுக்கொள்வார். உள்ளே விளக்கடியில் ஒரு சோலார் செல் தன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்.

"பாத்துக்கிட்டே இருந்தா கை சும்மா இருக்காது. நமக்குப் புடிச்ச எண் வந்ததும் எழுதிடும்" என்பார்.

ஊஹானின் ஹான்யாங் பக்கம் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் அவருக்கு வேலை. பனியனில் படம் அச்சிடுவதுபோல, வலைத்துணியில் பசையை இழுத்து, கண்ணாடிமேல் அடுக்கடுக்காக சோலார் செல் அச்சிடுகிறார்கள். மேலடுக்கு வெறும் கரி. வேறு இடங்களில் தங்கம் பூசுகிற வேலையை இங்கே கரி செய்கிறது. அந்தக் கரி வழியாகத்தான் பெரோவ்ஸ்கைட் என்னும் உப்புக் கரைசலை அடிவரை ஊற வைக்க வேண்டும். கரி தடித்தால் மின்சாரம் தாராளமாக ஓடும். ஆனால் கரைசல் இறங்க மறுக்கும். மெலிந்தால் கரைசல் இறங்கும். மின்சாரம் முக்கி முனகும். அங்கே எல்லோருடைய பிழைப்பும் இந்த இழுபறியில்தான்.

துவானுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இதற்கு முன் ஹான்கோவில் ஒரு காய்ச்சல்மானித் தொழிற்சாலையில், பாதரசம் ஏறி நிற்கும்வரை காத்திருந்து சரிபார்ப்பவராக இருந்தவர். 'தெர்மாமீட்டர் அக்கா' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. வீட்டிலும் இதே கதைதான். தாமரைக்கிழங்கும் விலா எலும்பும் கொதிக்கும் சூப் பானையின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவருக்கு அன்றைக்குக் கடைசிக் கிண்ணம்தான். அவர் கணவர் பல வருடங்களாகக் கடைசிக் கிண்ணம்தான் குடித்துவருகிறார்.

தேறாமல் கழித்த செல்லொன்று அவருடைய சன்னலோரத்தில் உள்ளங்கையளவு விசிறியைச் சுற்ற வைத்துக்கொண்டிருக்கிறது. "தேறலைன்னுதானே எழுதினேன், செத்துப்போச்சுன்னா எழுதினேன்?"

கரி கலக்கும் ஃபாங் போன வாரம் புதுக் கரி பூசிய செல்லைக் கொண்டு வந்தார். பெரிய கிராஃபைட் செதில்கள், வழக்கத்தைவிடத் தடித்த அடுக்கு. பழைய கரியின் எண் பதினாறு; அதாவது விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு மின்சாரமாகும். அதைத் தாண்டாவிட்டால் கரி அறையை மூடிவிட்டு வெளியே வாங்கிக்கொள்வதென்று மேலாளர் லுவோ சொல்லியிருந்தார். ஃபாங் பழையபடி வெளியூரில், சியாங்யாங் பேட்டரி ஆலைக்குப் போக வேண்டியதுதான். அவர் மனைவியோ அப்போதுதான் முடிதிருத்தும் கடையை ஹான்யாங்குக்கு மாற்றியிருந்தார்.

துவான் முதலில் வழக்கம்போல இரண்டு முறை வேகமாக அளந்தார். மின்னழுத்தத்தை மேலிருந்து கீழே இறக்கினால் பதினேழு. கீழிருந்து மேலே ஏற்றினால் பதின்மூன்று.

"அக்கா, பதினேழை எழுதுங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"எல்லாரும் எழுதட்டும். ரெண்டுமே ஓடிக்கிட்டே சொன்ன பேச்சு. உக்கார வெச்சுக் கேட்டாத்தான் நெசம் வரும்."

விளக்கடியில் செல்லை நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். முதுகைத் திருப்பிக்கொண்டார். லுவோவும் ஃபாங்கும் கதவோரம் நின்று பார்த்தார்கள். பதின்மூன்றரை. அசைவே இல்லாததுபோல் நின்றது.

"அவ்வளவுதான். எழுதிடுங்க துவான் அக்கா" என்றார் லுவோ.

"இன்னும் அடங்கல சார்."

"உங்களுக்கு அடங்குறதுக்குள்ள எனக்குப் பசி உயிர் போயிடும். சாப்பிட்டு வர்றேன், தாள் மேசைமேல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபாங் சுவரில் சாய்ந்துகொண்டார். "போதுங்கக்கா. எழுதிடுங்க. இதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல."

"பதினேழு எழுதச் சொன்னப்பவும் எழுதல, இப்பவும் எழுத மாட்டேன். கனத்த கரி. அடியில இருக்கிற உப்பு வெளிச்சம் பட்டுத்தான் தன் இடத்தைத் தேடிப் போய் உக்காரும். ஏறும்னு நான் சொல்லல. இறங்கினாலும் இறங்கும். அடங்கட்டும். போய்க் கை கழுவிட்டு வா, அந்தக் கரிக்கையோட என் காயைத் தொட்டா பாரு."

அவர் கழுவி வந்தார். நகக்கண்ணில் கருப்பு போகவில்லை; அது எப்போதும் போனதில்லை. துவான் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஒரு காயைக் கொடுத்தார். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஃபாங்குக்கு முன்னால் கதவும் திரையும். துவானுக்கு முன்னால் ஃபாங்கின் முகம் மட்டும்.

"ஐயோ, பாதிப் பருப்பைத் தோலோட போட்டுட்டே. உன் பொண்டாட்டி எப்படித்தான் உன்னைக் கடையில சேத்துக்கிறாளோ!"

"அங்க கூட்டுற வேலை மட்டும்தான் தர்றா."

இரண்டு மூன்று விதைகளுக்குப் பிறகு ஃபாங்கின் விரல்கள் நின்றன.

"என்ன, இறங்குதா?"

"இல்ல... பதினஞ்சு."

"நின்னுடுச்சா?"

"நிக்கல. ஏறுது."

"அப்ப உரி."

கையிலிருந்த தாமரைக்காய் தீர்ந்தது. தாழ்வாரக் கோடியில் லுவோவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஃபாங் எழுந்தேவிட்டார். உரித்த பருப்பெல்லாம் தரையில் சிதறியது.

"அக்கா! பதினாறைத் தாண்டிடுச்சு! திரும்பிப் பாருங்கக்கா! எழுதுங்க!"

"நின்னுடுச்சா?"

"இல்ல, இன்னும்..."

துவானின் கை ஒருமுறை மேல்சட்டைப் பையிலிருந்த பேனாவரை போயிற்று. அங்கே ஒரு கணம் நின்று, இறங்கி, நாற்காலிக்கு அடியிலிருந்த பையைத் துழாவியது. திரும்பிப் பார்க்காமலே இன்னொரு தாமரைக்காயை எடுத்து ஃபாங்கின் பக்கம் நீட்டினார்.