முப்பத்தோராவது கேள்வி

சுனாமிக்குப் பிறகு மரக்காணம் உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு வீடு பிடித்து, ‘இளைஞர் ஆலோசனை மையம்’ என்று போர்டு மாட்டியது. அது 2005-ஆம் வருடம். ஃபைல் அடுக்குகிற வேலை எனக்கு. வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற வேலை மேரிசெல்விக்கு. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அம்மா சவரியம்மாள் உப்புக் கூடை சுமந்து அவளைப் படிக்க வைத்தவள். ஜான்சன் என்று ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயதில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். உண்மை தெரிந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டார்கள் என்று பயந்து, சவரியம்மாள் பங்குச் சாமியாரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டாள். கோயில் மணி அடித்தது, ஜெபம் நடந்தது, முறையாக அடக்கம் செய்தார்கள். அந்தப் பொய்யை அம்மாவும் மகளும் பதினோரு வருடமாகக் காப்பாற்றி வந்தார்கள். எனக்கே இதெல்லாம் பின்னால்தான் தெரியும்.

மையத்தில் ஒரு ஃபாரம் உண்டு. நாற்பது கேள்விகள். ஏசி ரூமில் உட்கார்ந்து எவனோ போட்டது. தலைவலி என்று வந்தவனிடம் ‘அப்பா குடிப்பாரா, அம்மா கூட இருக்கிறாரா’ என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வராதா? எனக்கே வந்தது. ஆனால் மேரிசெல்வி கேட்டால் பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.

“கோச்சிக்காதடா. தலைவலின்னு வந்திருக்க. வெயில்ல உப்பு வார்றதால வருதா, காலைல சாப்பிடாததால வருதா, வீட்ல சண்டை ஓயாம தூக்கம் கெட்டு வருதா? அது தெரியாம மாத்திரை குடுத்தா நாளைக்கும் இதே தலைவலியோட வந்து நிப்ப. நீ சொல்றது இந்த பீரோவைத் தாண்டாது. இஷ்டமில்லன்னா சொல்லாத, விட்டுடு” என்பாள்.

முப்பத்தோராவது கேள்விதான் வில்லங்கம். ‘வீட்டில் யாராவது தற்கொலை செய்துகொண்டது உண்டா?’ உண்டு என்றால் அன்றைக்கே பாண்டிச்சேரி டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், வாரா வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால் போதும்.

ஜூன் மாதம் பிரியதர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயது, உப்பளத்தில் கூலி வேலை. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றாள். கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள், முப்பத்தொன்றில் நின்றுவிட்டாள்.

“இதெல்லாம் எதுக்குக்கா கேக்கறீங்க?”

“அப்படி ஒண்ணு நடந்த வீட்ல, மத்தவங்களுக்கும் அந்த நினைப்பு வரும்மா. முன்னாடியே தெரிஞ்சா நாங்க கூட இருப்போம். அதுக்குத்தான்.”

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “உங்க வீட்ல யாராச்சும் அப்படி?” என்று கேட்டாள்.

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா” என்றாள் மேரிசெல்வி. பதினோரு வருடப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

“எங்க வீட்லயும் இல்லக்கா.”

‘இல்லை’ என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நான் ஃபைலை அடுக்கி வைத்தேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் இறந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் துக்கத்துக்குப் போனோம். தாய் விருத்தாம்பாள் மேரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவங்க அப்பனும் இப்படித்தாம்மா போனாரு. பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை வரணுமேன்னு வயித்து வலின்னு சொல்லி வெச்சோம். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுடின்னு நான்தாம்மா சொன்னேன்.”

மையத்துக்குத் திரும்பியதும் மேரிசெல்வி ஜான்சன் கதையை என்னிடம் சொன்னாள். “நான் உண்டுன்னு சொல்லியிருந்தா அதுவும் சொல்லியிருக்கும் ராஜாங்கம். வாய் வரைக்கும் வந்துதான் என்னைக் கேட்டுச்சு” என்றாள். அவள் சொன்னது உண்மை. எனக்கு அவள் மேல் ஆத்திரம்கூட வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எங்கள் வீட்டிலும் ஒரு வயிற்று வலி உண்டு.

அதற்குப் பிறகு அவள் ஃபாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். “என் தம்பி பேரு ஜான்சன். பத்தொம்பது வயசுல அவனே உயிரை விட்டுட்டான். உங்க வீட்ல எப்படி?” இரண்டே மாதத்தில் பதினான்கு பேர் ‘உண்டு’ என்றார்கள். எனக்கு அந்த ஃபைல்களைத் தொடவே பயமாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பேச்சு சவரியம்மாள் காதுக்குப் போனது. மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். புதிதாக வந்த சாமியார் வீட்டுக்கே வந்து, “அதெல்லாம் அந்தக் காலம்மா, இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று சொல்லியும் கிழவி நம்பவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். நானும் ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனேன். சனங்கள் பூ வைத்து, சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கிற மந்திரிப்பு முடிந்து, ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சவரியம்மாள் மட்டும் விடியற்காலையில் வந்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. ஜான்சனின் சிலுவையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மழை தூற ஆரம்பித்தது.

“எழுந்திரும்மா, வீட்டுக்குப் போலாம்” என்றாள் மேரிசெல்வி.

மூன்று மாதத்துக்குப் பிறகு கிழவி வாயைத் திறந்தாள். “நீ போ. நான் எழுந்தேன்னா வந்து தோண்டிடுவாங்க.”

மேரிசெல்வி ஈரத்திலேயே அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். யாரும் வரவில்லை.

மறுநாள் காலை மையத்துக்கு ஒரு பெண் வந்தாள். மேரிசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “என் தம்பி பேரு ஜான்சன்” என்றுதான் ஆரம்பித்தாள்.