நார் சுற்றிய விரல்

ஸ்ரீவராகத்து ஜானவிக்கு நீட்டி முழக்குவது ஆகாது. பழவங்காடியில் மகேஷ்குமாரின் ஸ்டுடியோவில் பகலெல்லாம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள்; மூன்று மணி நேரக் கல்யாணங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள். தனக்கென்று எடுக்கும் படம் எதுவும் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. கதை கிடையாது, பாட்டு கிடையாது, பேச்சும் கிடையாது. மிச்சத்தை வைத்திருந்தால் சேர்க்க ஆசை வருமென்று, படம் முடிந்ததும் எடுத்ததையெல்லாம் அழித்துவிடுவாள். கொள்கை என்றால் அப்படி ஒரு கொள்கை.

அம்மா நாகலக்ஷ்மியை வைத்தும் ஒன்று எடுத்தாள். வாழைத்தண்டு நறுக்கும்போது வரும் நாரை அம்மா ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போவாள். அந்த விரல் மட்டும்தான் படம். அம்மாவுக்கு வாய் ஓயாது. அன்றைக்கும் ஏதேதோ பேசினாள். ஜானவி சத்தத்தை அடியோடு நீக்கினாள். குறும்பட விழாவில் பரிசு கொடுத்து, என்ன அடக்கம் என்று மெச்சினார்கள்.

மாசியில் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகுதான் ஜானவிக்கு உறைத்தது: அம்மாவின் குரல் எங்கேயும் இல்லை. போட்டோக்கள் உண்டு. அண்ணாவின் கல்யாண வீடியோவில் அம்மா வாயசைக்கிறாள், மேலே நாதஸ்வரம் ஓடுகிறது. வாட்ஸாப்பில் பேசி அனுப்ப அம்மாவுக்குத் தெரியாது. அம்மா சொன்னதெல்லாம் நினைவிருந்தது. சொன்ன குரல் நாளுக்கு நாள் நழுவியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அழுதபடி அந்த ஒரு நிமிஷத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். விரல் நாரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அழித்ததை மீட்டுத் தரச் சொல்லி மகேஷ்குமாரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அம்மாவை எடுத்த ஸ்டுடியோ கேமராவின் மெமரி கார்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள் ஏறிவிட்டன. இருந்தாலும் அவர் விடாமல் தோண்டிப் பார்த்தார். ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.

"ஒரு சின்னத் துண்டு கிட்டியிருக்கு, ஜானவி. படம் இல்லை. சவுண்ட் மாத்திரம்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் சொட்டியது. தண்டு நறுக்கும் சத்தம். யாரோ பேசுவதற்காக மூச்சை இழுத்தார்கள்.

"அம்மா, சித்த பேசாம இரேன்."

அது ஜானவியின் குரல். வாய் ஓயாத அம்மா, துண்டு முடியும்வரை சொன்னபடி பேசாமலே இருந்தாள்.